கொக்கியில் நின்ற இடத்து மாடு

ஃபார்மலின் வாடை முதலில் கண்ணைத்தான் பிடிக்கும். வெங்காயம் உரிப்பதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூக்கு அப்புறம்தான். தொண்டை அதற்கும் அப்புறம்...

கால்நடை மருத்துவம், முதல் வருஷம். விழுப்புரத்தில் பஸ் ஏறிப் போய் ஹாஸ்டலில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அனாடமி ஹாலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். மேஜையில் படுக்க வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

நின்றுகொண்டிருந்தது.

ஆமாங்க, நாலு காலில். மேலே இரும்பு உத்தரத்திலிருந்து சங்கிலி, கொக்கி. உடம்பில் தோல் கிடையாது. தலை லேசாகத் தூக்கியிருந்தது, கூப்பிட்டால் திரும்பும் போல... ஃபேன் காற்றில் சங்கிலி ஆடினால் அதுவும் கொஞ்சம் அசையும். எங்கள் பேட்சில் ஒருத்தி அன்றைக்கே வீட்டுக்கு ஃபோன் போட்டு அழுதாள். நான் அழவில்லை. மாட்டோடு வளர்ந்தவள் என்கிற திமிர்!

எங்கள் குழுவுக்குக் கிடைத்தது கழுத்தும் விலாவும். ஒவ்வொரு தசையாகப் பிரித்து, பெயர் சொல்லி, அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். கழுத்திலிருந்து தோள்வரை விசிறி மாதிரி விரிந்திருப்பது டிரப்பீசியஸ். அதற்கு அடியில் ராம்பாய்டியஸ். நம்ம ஊர் மாட்டுத் திமில் வெறும் கொழுப்பு இல்லை, பெரும்பாலும் இந்தத் தசைதான் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷம் அதைப் பிடித்துத் தொங்கி விளையாடியிருக்கிறேன், அசடு.

மூன்றாவது வாரம் இடது விலாவுக்கு வந்தோம். முதுகையும் விலாவையும் மூடியிருக்கிற லாட்டிசிமஸ் டார்சை என்ற அகலமான தசையைத் தூக்கிவிட்டு, கிளவுஸ் போட்ட கையை உள்ளே விட்டேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரலில் பட்டன. அப்புறம் ஒரு முடிச்சு. பக்கத்து எலும்பிலும் ஒரு முடிச்சு...

கை அங்கேயே நின்றுவிட்டது. அந்த இரண்டு முடிச்சும் என் விரலுக்குப் பழக்கம்.

எங்கள் வீட்டுச் செவலை கன்றாக இருந்தபோது, கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கல்குவாரிப் பள்ளத்தில் விழுந்தது. இடது பக்கம் இரண்டு விலா உடைந்து, முடிச்சு முடிச்சாகத் தானாகவே கூடிக்கொண்டன. ஏரியில் குளிப்பாட்டும்போது அந்த இடத்தைத் தடவினால் கண் சொக்கி நிற்கும்.

எங்கள் பக்கம் ஏருக்கு ஜோடி பழக்கும்போதே இது இடத்து மாடு, இது வலத்து மாடு என்று பிரித்துவிடுவார்கள். கடைசிவரை அதே பக்கம்தான். மாற்றிப் பூட்டினால் ஒரு அடி நகராது. செவலை இடத்து மாடு. வலத்து மாடு பாம்பு கடித்துச் செத்ததும், ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்பா அதை விற்றுவிட்டார். "வேல செய்ற வூட்டுக்குத்தான் போவணும், வேற எங்கியும் தள்ளிடக் கூடாது" என்று புரோக்கரிடம் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கிய மனுஷன் அவர்.

விலா உடைந்த மாடு உலகத்தில் ஒன்றுதானா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஹாலில் அதற்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை. பின்கழுத்தில் மூச்சு படுகிற மாதிரியே இருக்கும்.

அடுத்த வாரம் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் ஒரு பை வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. "நீ படிக்கிற எடத்தப் பாக்கணும் கண்ணு."

"வாணாம்பா... உள்ள நாத்தம் தாங்காது."

"மாட்டுக்காரனுக்கு இன்னாம்மா நாத்தம்!"

ஹால் அட்டெண்டர் நல்ல மனுஷன், படக்கென்று கதவைத் திறந்துவிட்டார்.

அப்பா உள்ளே வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மெதுவாகப் போய் அதன் வலப்பக்கக் கழுத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இது ஏர் மாடும்மா."

அங்கேயே அமுக்கிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் சதை கெட்டியா கீது பாரு. ஜோடி இந்தாண்ட நின்னு இழுத்துக்கினு இருந்துக்குது. இடத்து மாடு இது."

சொல்லிக்கொண்டே தடவியபடி தலைப்பக்கமாகச் சுற்றி இடது பக்கம் வந்தார். அதற்குள் நான் ஓடிப் போய் விலாவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். ஏப்ரனைத் தாண்டி ஜில்லென்று ஏறியது. அந்த முடிச்சுகள் என் முதுகெலும்பில் அழுத்திக்கொண்டிருந்தன. "போலாம்பா, பஸ்ஸுக்கு டைம் ஆவுது" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அதன் முகத்தைப் பார்த்தார். "ஹோ... ஹோ..." என்று ரொம்ப மெதுவாகச் சொன்னார், ஏரை நிறுத்தும்போது சொல்வாரே, அப்படி. தலைக்கு மேலே சங்கிலி லேசாக ஆடியது. ஃபேன் போடவில்லை. நான்தான் நடுங்கியிருப்பேன்... அப்படித்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

"இத வளத்தவன் மட்டும் வந்து பாத்துடக் கூடாதும்மா. மனசு உட்டுப்பூடும் அவனுக்கு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அனாடமியில் நான் பாஸ். கழுத்தும் விலாவும்தான் எனக்கு நல்ல மார்க் வாங்கிக் கொடுத்தன. அதை நினைத்தால் இன்றும் குமட்டும்.

இப்போது திண்டிவனம் பக்கம் டாக்டராக இருக்கிறேன். வருகிற காளைகளின் கழுத்தைப் பழக்கதோஷத்தில் தடவிப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கும். ஏர் இல்லை, நுகத்தடி இல்லை, எல்லாம் டிராக்டர். எது இடத்து மாடு என்று கேட்டால் மாட்டுக்காரப் பையன்களே சிரிக்கிறார்கள்.

அப்பாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? வானூர் பக்கம் ஒரு வண்டிக்காரர் வீட்டில் செவலை நல்லபடியாக இருக்கிறது என்று புரோக்கர் அடித்துவிட்டதை அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு வானூர் போய்விட்டு ஸ்கூட்டியில் திரும்பினோம். அப்பா பின்னால் உட்கார்ந்து, ரோட்டோரம் கட்டியிருந்த ஒவ்வொரு மாட்டையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ ஜல்தி? மெதுவா போ" என்றார்.

மெதுவாகவே ஓட்டினேன்.