கடன் கட்டியதற்கு ஒரு தம்பட்டம்

என் அப்பாவுக்கு அழகாகக் கையெழுத்துப் போடத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த கேடெல்லாம் அதனால் வந்ததுதான்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தோம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கடைசிக் காம்பிரா, ஒரே அறை, எங்களுடையது. வருடா வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு வேண்டிய அரிசி, எண்ணெய், துணி எல்லாம் பஜாரில் ஒரு கடையில் கடனாக எடுப்பார்கள். திருவிழா முடிந்த பிறகு சம்பளத்தன்று வீட்டுக்கு வீடு வசூலித்துக் கட்டிவிடுவார்கள். அந்த வருடம் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் சாமியை யார் தோளில் தூக்குவது என்று அடித்துக்கொண்டார்கள். வசூல் பாதியில் நின்றது. சோறு மட்டும் மிச்சமில்லாமல் தீர்ந்தது. கடைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர் அப்பா ஒருவர்தான். மற்ற கமிட்டிக்காரர்கள் எல்லாம், "நமக்கு எழுத வராதுங்க, நீங்களே போட்டுருங்க" என்று அடக்கமாக ஒதுங்கி நின்றவர்கள்.

கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். அப்பாதான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. கட்ட முடியாமல் போகவே, ஜப்தி செய்ய கோர்ட்டு அதிகாரி பிஸ்கால் ஐயா லயத்துக்கு வந்தார். அவருக்கு முன்னால் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் ஒருவர் தம்பட்டம் அடித்துக்கொண்டு வந்தார். இன்னாருடைய மாடு கோர்ட்டுக் கட்டளைப்படி பிடிக்கப்படுகிறது என்று சிங்களத்திலும் தமிழிலும் கூவினார். எங்கள் ஒரே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அம்மா தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா அதை விற்றுப் பணத்தைக் கட்டி, ரசீது வாங்கி, மாட்டை மீட்டுவந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்த வருடம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கீழ் டிவிசன். அங்கே ஒரு கங்காணியின் மகன். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்தில் நான் அவரைப் பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கு என்ன வெட்கம்? அன்றைக்கே எனக்கு அவ்வளவாக வெட்கம் இருக்கவில்லை.

அப்போதெல்லாம் பெண் எடுக்குமுன் பஜார்க் கடையில் விசாரிப்பார்கள். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது அதற்குப் பிறகுதான். கங்காணி போய் விசாரித்தது அதே கடையில். கடைக்காரர் நியாயவான், பொய் சொல்ல மாட்டார்.

"கேஸ் போன ஆளுங்க. கடனக் கட்டிட்டாரு, இல்லைங்கல. ஆனா கேஸ் போன ஆளுங்க."

கங்காணி வீட்டிலிருந்து ஆள் வருவது நின்றுவிட்டது. எங்கள் வீட்டார் கங்காணியைப் பற்றி விசாரித்தபோது அதே கடைக்காரர், "தங்கமான மனுசன். அவரு பேருல ஒரு கேஸ் கெடையாது" என்று சொல்லியிருந்தார். அது முழு உண்மை. கங்காணி அந்தக் கடையில் அரிசியிலிருந்து மாடு வாங்கப் பணம் வரைக்கும் கடனாக எடுத்து, எதற்கும் சல்லிக்காசு கட்டாமல் இருந்தார். ஆனால் அவருக்குக் கீழே வேலை செய்யும் அத்தனை பேரும் அவர் சொல்லும் கடையில்தான் சாமான் வாங்குவார்கள். அவர் மேல் வழக்குப் போட கடைக்காரருக்கு என்ன பைத்தியமா? இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அப்பா தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டுப் புத்தகத்திலிருந்து தன் பேரை எடுத்துவிடும்படி அங்கிருந்த கிளாக்கரிடம் கேட்டாராம்.

"பேர எடுக்க முடியாது. பக்கத்துல கட்டியாச்சுன்னு எழுதியிருக்கோம்" என்றாராம் கிளாக்கர்.

"அப்ப பேரு இருக்குமுங்களா?"

"பேரு இருந்தாத்தானே கட்டியாச்சுன்னு எழுத முடியும்?"

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஆட்களின் பேரை வோட்டு இடாப்பிலிருந்து கொத்துக் கொத்தாக எடுத்தார்கள். அதற்கு யாரும் எங்களைக் கேட்கவில்லை, எந்தக் கிளாக்கரும் முடியாது என்று சொல்லவில்லை. கோர்ட்டுப் புத்தகத்தில் மட்டும் எங்கள் பேர் நிரந்தரம். இந்த நாட்டில் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிரஜாவுரிமை அதுதான் போலிருக்கிறது.

அப்பா இரண்டு நாள் படுத்தே கிடந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "மாட்டப் புடிச்சப்ப தம்பட்டம் அடிச்சாங்க. கட்டினப்ப ஒருத்தனும் அடிக்கல. அதான் கோளாறு" என்றார்.

"அடிச்சா? தெரியாத ஆளுக்கும் தெரிஞ்சு போகும்" என்றாள் அம்மா.

அப்பா கேட்கவில்லை. கிராமத்துக்குப் போய் அதே தம்பட்டக்காரரைத் தேடிப் பிடித்தார். வேறு ஆள் அடித்தால் கோர்ட்டுத் தம்பட்டம் மாதிரி இருக்காதாம். அந்த மனிதரும், இத்தனை வருடத்தில் நல்ல சேதி சொல்ல ஒருவரும் தன்னைக் கூப்பிட்டதில்லை என்று பாதிக் கூலிக்குச் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல பனிமூட்டம். முன்னால் தம்பட்டம், பின்னால் கோட்டும் ரசீதுமாக அப்பா. பேச்சு என் கல்யாணத்தைப் பற்றியது என்பதால் நானும் கிளம்பினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது, இன்னார் கடன் கட்டியாச்சு! ஒரு சதமும் பாக்கி இல்லே!" என்று தம்பட்டக்காரர் தன் தமிழில் நன்றாகத்தான் கூவினார். ஆனால் பனியில் கூவல் தூரம் போகவில்லை. தம்பட்டச் சத்தம் மட்டும் மலைக்கு மலை போயிற்று. கோர்ட்டுத் தம்பட்டம் கேட்டால் கடன் உள்ளவன் என்ன செய்வான்? மாட்டை அவிழ்த்துத் தேயிலைக்குள் ஓட்டிவிடுவான். மாடு கண்ணில் படாவிட்டால் பிஸ்கால் எதைப் பிடிப்பார்?

நாங்கள் ஒவ்வொரு லயமாக இறங்க இறங்க, மாட்டுக் கொட்டில்கள் காலியாகிக்கொண்டே போயின. கொட்டில் படல் ஆடிக்கொண்டிருக்கும், மாடு இருக்காது. திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் ஆட்டைப் போர்வைக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். பிள்ளை என்று நினைத்து நான் பதறிவிட்டேன். தோட்டம் முழுக்கக் கடன்காரர்கள். கேஸ் போன ஆள் மட்டும் நடுரோட்டில் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

கீழ் டிவிசன் திருப்பத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு மாட்டின் முதுகு தெரிந்தது. பக்கத்தில் குனிந்து அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர் கங்காணி.

அப்பா தம்பட்டத்தை நிறுத்தச் சொன்னார்.

"என்னாங்க, இந்தப் பனியில மாட்டோட?"

"மேய்க்கிறேன்."

"கொழுந்து பறிக்கிற மலையிலயா?"

கங்காணி குரலை இறக்கினார். "பிஸ்காலு எந்த வீட்டுக்குப் போறாரு?"

"பிஸ்காலு வரலீங்க. நான் கடனக் கட்டிட்டேன்னு சொல்லத்தான் அடிக்கச் சொன்னேன்."

"கட்டினதுக்கா? ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

அதற்குள் கையிலிருந்த கயிறு நழுவி, மாடு ரோட்டுக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றது. அப்பா கயிற்றை எடுத்தார். கங்காணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை அவர் கையில் கொடுத்து, "நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றார்.

அடுத்த வாரம் கங்காணி வீட்டிலிருந்து வெற்றிலைத் தட்டு வந்தது.

கல்யாணச் சேலை எடுக்கப் போனபோது கடைக்காரர் அப்பாவுக்கு நாற்காலி போட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் கடனாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பஜாரில் இப்போது எங்களைப் பற்றிய பேச்சு, "கேஸ் போன ஆளுதான், ஆனா கங்காணிக்குச் சம்மந்தி" என்று மாறியிருந்தது. அப்பா காசு கொடுத்து வாங்கக்கூடிய சேலையைத்தான் வாங்கினார். அது நரை பிடித்த பச்சை. எனக்கு அந்த நிறம் பிடிக்கவே இல்லை.

கேஸ் போகாத வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போனேன். புருசன் நல்ல மாதிரி, குறை சொல்ல முடியாது. காலையில் அந்த மாட்டில்தான் பால் கறப்பேன். எங்கேயாவது தம்பட்டம் கேட்டால் மாமியார் என்னைப் பார்ப்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். நான் போய் மாட்டை அவிழ்ப்பேன். கோயில் மேளமாக இருந்தாலும் சரி, எதற்கும் அவிழ்த்துவிடுவதே நல்லது என்பது அந்த வீட்டுக் கொள்கை.

ஒரு நாள் அப்படித் தேயிலைக்குள் மாட்டின் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தேன். பேரப்பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு அப்பா ரோட்டில் வந்தார். என்னைப் பார்த்து நின்றார். வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கலம்மா" என்று சொல்லிவிட்டு மெதுவாக லயத்துப் பக்கம் நடந்தார். தம்பட்டம் ஓய்ந்து வெகுநேரம் ஆகியும் நான் வெளியே வரவில்லை.