ராகேல் அழித்த மணல் மூட்டைகள்

திங்கள்சந்தை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஸ்டூடியோவின் பெயர்ப்பலகையில் தங்கையன் பெயர்தான் இருக்கிறது. ஆனால் தங்கையனைத் தேடி யாரும் அங்கே வருவதில்லை. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைகிற மனிதர். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி ராகேல். "அவருக்குக் கல்யாணச் சோறு, எனக்குக் கழுத்து வலி" என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாக்கு கொஞ்சம் நீளம். படமெடுக்க வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம், "ஏட்டி, பல்லு வலிக்கா? வாயைத் தொறந்து சிரி" என்பாள். கை மட்டும் தங்கமான கை. அதில் அவளுக்கு ஆகாதவர்களுக்குக்கூடச் சந்தேகம் கிடையாது.

படத்தில் இருப்பதை எடுப்பது, இல்லாததை வைப்பது, இதுதான் அவள் தொழில். எங்கள் ஊர்களில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும், அப்பன் துபாயில் இருப்பான். புதுவீட்டில் பால் காய்ச்சுவார்கள், வீடு கட்டியவன் சவூதியில் இருப்பான். அவன் தன் அறைச் சுவரோரமாக விறைத்து நின்று ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். ராகேல் அவனை வெட்டியெடுத்து மனைவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையைத் தோளில் போட்டும் விடுவாள். இந்த மாவட்டத்து ஆல்பங்களில் பாதி அப்பன்மாருக்கு நிழல் விழாது. யாராவது செத்துப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிளெக்ஸ் அடிக்கப் படத்தோடு ஓடி வருவார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த படமென்றால் மூக்குக் குழாயை எடுத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, தலையை வாரிவிட்டு அனுப்புவாள். உயிரோடு இருந்தபோது வீட்டார் செய்யாத உபசாரத்தைச் செத்த பிறகு ராகேல் செய்தாள்.

கடற்கரை ஊரான இனயத்துச் சுஜின் அவளிடம் வந்தது நாலு வருஷத்துக்கு முன்பு, பாஸ்போர்ட் படத்துக்கு. அவன் அப்பா புயலில் போனவர். கடலுக்குப் போன வள்ளமும் திரும்பவில்லை, உடலும் கரை சேரவில்லை. அதற்குப் பிறகு தாய் திரேசம்மாள் ஒற்றை மகனைக் கடல் பக்கமே விடவில்லை. "உப்புத் தண்ணியில காலு வச்சியானா என்னை உயிரோட காணமாட்ட" என்று சத்தியம் வாங்கிவிட்டாள். கடலுக்குப் போகக் கூடாதென்றால் எங்கள் கரையில் பிள்ளைகளுக்கு மிச்சமிருப்பது விமானம்தான். குவைத்தில் ஹோட்டல் சலவை வேலை என்று சொல்லி ஏஜென்ட் கூட்டிப்போனான். ரெண்டே மாதத்தில் அங்கிருந்து ஈராக்குக்கு, ஒரு வெளிநாட்டுப் பட்டாள முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். வேலை அதே சலவைதான், துணி மட்டும் பட்டாளத் துணி.

தாயிடம் அதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. ராகேலுக்கு ஒரு படத்தை அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, அம்மைக்கு நான் இப்பவும் குவைத்துலதான் இருக்கேன். இதுல பின்னால நிக்க செவரை மட்டும் எடுத்துட்டு, பிரேம் போட்டுக் குடுங்க. கண்டா அம்மை தூங்காது. நீங்களும் ஒருத்தர்ட்டயும் சொல்லண்டாம்."

பாவம், தாய்க்காகத்தானே கேட்கிறான் என்று ராகேல் வாக்குக் கொடுத்தாள்.

அதன்பிறகு மாதம் ஒன்றோ இரண்டோ படம் வரும். சண்டை நடக்கும் இடத்தில் துப்பாக்கியையும் புகையையும்தான் படமெடுப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். சுஜின் அனுப்பியது வேறு. ஆளுயரத்துக்குக் குவிந்த பச்சைச் சட்டைகளுக்கு நடுவே அவனும் ஒரு நேபாளத்துக்காரனும். தகரப்பெட்டி அறைக்கு வெளியே கொடி கொடியாகக் காயும் காலுறைகள். ஒரு படத்தில் காங்கிரீட் சுவருக்கு முன்னால் கிரிக்கெட் மட்டையோடு நிற்கிறான், ஸ்டம்புக்குப் பதில் தண்ணீர்க் கேன். கிறிஸ்துமஸ் அன்று மணல் மூட்டைகளின்மேல் சிகரெட் அட்டையில் செய்த நட்சத்திரம். சாப்பாட்டுக் கூடத்தில் ஐஸ்கிரீமுக்கு வரிசை, அத்தனை பேர் இடுப்பிலும் இரும்புத் தொப்பி தொங்குகிறது. பதுங்கு குழி வாசலில் குட்டிகளோடு படுத்திருக்கும் ஒரு பூனை. அந்தப் பூனைப் படத்தை ராகேல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லாவற்றையும் துடைத்தாள். காங்கிரீட் சுவர் பேரீச்சை மரமானது. பச்சைச் சட்டைகள் ஹோட்டல் படுக்கை விரிப்புகளாயின. பதுங்கு குழி கிணறானது. மணல் மூட்டை இருந்த இடத்தில் பூச்சட்டி வந்தது. பூச்சட்டிக்கு அவள் எங்கும் அலையவில்லை. தன் கடை வாசலில் நிற்கிற குரோட்டன் சட்டியைச் செல்போனில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வேலை முடிந்ததும் திருத்திய படத்தை அசலின் மேலேயே சேமித்துவிடுவது அவள் வழக்கம். கம்ப்யூட்டரில் இடம் போதாது என்பாள். அழித்ததை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குப் பிடிக்காது என்பதுதான் நிஜம். இப்படித் திருத்தியவற்றில் நல்லதாகப் பொறுக்கிய பதினான்கு படங்கள் பிரேமாகித் திரேசம்மாளின் வீட்டுச் சுவரில் ஏறின. பார்த்தவர்கள் எல்லோரும் பையன் கொள்ளாம், நல்லா இருக்கான், இடமும் நல்ல இடம் என்றார்கள். ராகேலுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கின வாரத்தில் அந்தப் பக்கம் சண்டை பற்றிக்கொண்டது. முகாம்களின்மேல் ராக்கெட் விழுவதை டிவியில் மாறி மாறிக் காட்டினார்கள். திரேசம்மாள் சந்தையில் மீன் விற்ற கையோடு கடைக்கு வந்து, வெறுங்கூடையைப் பூச்சட்டியில் சாய்த்து வைத்தாள்.

"கண்டியா பிள்ளே, ஈராக்குல குண்டு போடுதானுவ. எத்தனை தாய்க்கு வயிறு எரியுமோ! மாதா புண்ணியம், எனக்க மொவன் அந்தப் பக்கம் போவல்ல."

ராகேல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு சுஜினிடமிருந்து அழைப்பு வரவில்லை. மூன்று நாள், ஏழு நாள், பத்து நாள். ராகேல் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக்கோடு சரி. ஏஜென்டின் போன் அணைந்தே கிடந்தது. தாய்க்கோ பயமில்லை, கோபம்தான். பக்கத்து வீட்டு ஜெமி குவைத்திலிருந்து தினமும் கூப்பிடுகிறான், இவனுக்கு மட்டும் என்ன கேடு? "ஏதோ பெண்ணைக் கண்டிருப்பான். தாயை மறந்துட்டான்" என்று சுவரில் இருக்கிற படங்களைப் பார்த்துத் திட்டினாள். தவித்து ஜெபிக்க வேண்டிய நேரத்தில் அவள் மகனைச் சபித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாவம் தன் கைப்பாவம் என்று ராகேலுக்குத் தெரியும். தங்கையனிடம் சொன்னபோது, "நமக்கெதுக்கு வம்பு, பையன் வந்து அவனே சொல்லுவான்" என்றார். வந்தால்தானே சொல்லுவான் என்று அவள் கேட்டதும் அவர் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, ததேயுஸ் கடைக்கு வந்தார். இனயம் தேவாலயத்துப் பங்குப் பேரவையின் செயலாளர். சண்டை நடக்கும் இடத்தில் தொடர்பு அறுந்துபோனவர்களின் பட்டியலைப் படத்தோடு கலெக்டரிடம் கொடுக்கப் போகிறார்கள், மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வண்டி கிளம்பும் என்றார். அது டெல்லிக்குப் போய், அங்கிருந்து தூதரகத்துக்குப் போய், அதை வைத்துத்தான் முகாம் முகாமாகத் தேடுவார்கள். பெயர் இல்லாதவனை யாரும் தேட மாட்டார்கள். வீட்டார் கையெழுத்து வேண்டும்.

"சுஜினும் ஈராக்குலதான் இருக்கான்னு, அங்க வேலை செய்யுத வேற ஒரு பையன் வழியா தெரிஞ்சுது. திரேசம்மாட்ட போய்க் கேட்டேன். அடிக்க வந்துட்டு. எனக்க மொவன் குவைத்துல இருக்கான், அவன் பேரை எழுதினா கையை ஒடிப்பேன்னு சொல்லுது. அவனுக்க படம் உனக்கிட்டதான் இருக்கும், நீ ஒண்ணு சொல்லிப் பாரு."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புயல் வருஷத்திலும் இப்படித்தான் பட்டியல் எடுத்தார்கள். கணவன் பெயரைத் தன் வாயால் சொல்லி எழுத வைத்தவள் அவள்தான். அவள் தெருவில் பெயர் கொடுத்த வீடு ஒன்றுக்கும் ஆள் திரும்பவில்லை. கொடுக்க மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த ரெண்டு வீட்டுக்கு, எங்கோ தீவில் ஒதுங்கியிருந்து ஆள் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருப் பெண்களுக்கு ஒரே நம்பிக்கை: பேரை எழுதினால் ஆள் வராது.

ததேயுஸ் போனதும் ராகேல் போனை எடுத்துச் சுஜினின் செய்திகளைத் தேடினாள். பழைய படங்களெல்லாம் போன வருஷம் போன் மாற்றியபோதே போய்விட்டன. கடைசியாக வந்த ஒன்று மட்டும் இருந்தது. சண்டை தொடங்கின மூன்றாம் நாள் வந்தது. மணல் மூட்டைகளுக்கு நடுவே குத்தவைத்திருக்கிறான். தலையில் இரும்புத் தொப்பி, மார்பில் கனத்த கவசச் சட்டை. கீழே எழுதியிருந்தான்.

"அக்கா, இதுல தொப்பியை எடுத்துட்டு வெள்ளைச் சட்டை போட்டு வையுங்க. பெரிசா அடிச்சாலும் முகம் தெளிவா இருக்கணும். அம்மைட்ட இப்ப காட்டண்டாம்."

அதற்குப் பதிலாக ராகேல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தாள்.

வெள்ளைச் சட்டை, பெரிதாக அடிக்க வேண்டும், முகம் தெளிவாக வேண்டும். வாரத்துக்கு நாலு பேர் அழுது வீங்கிய கண்ணோடு வந்து அவளிடம் சொல்கிற வார்த்தைகள். இருபத்தேழு வயதுப் பிள்ளை தன் சாவு ஃபிளெக்ஸுக்குத் தானே சொல்லி வைத்திருக்கிறான். இவள் யாரோ ஒருத்தருடைய கல்யாண ஆல்பத்து அவசரத்தில் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறாள். ராகேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை காலையில் அந்தப் படத்தில் ஒரு புள்ளியும் தொடாமல் அச்சடித்து எடுத்துக்கொண்டு இனயத்துக்குப் பஸ் ஏறினாள். திரேசம்மாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வா மக்கா, கட்டன்சாயா குடிக்கியா?"

"அக்கா, சுஜின் குவைத்துல இல்ல." உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னாள். "ஈராக்குல, பட்டாளக் கேம்புல இருக்கான். நாலு வருசமா அங்கதான்."

திரேசம்மாள் சிரித்தாள். "ததேயுஸ் சொல்லி விட்டானா? உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நீ பிரேம் போட்ட படந்தானே, செவத்தைப் பாரு."

"அது நான் வச்சதுக்கா."

"எது?"

"அந்தப் பூச்சட்டி. எனக்க கடை வாசல்ல, நீங்க மீன் கூடையைச் சாய்ச்சு வைப்பியளே, அந்தச் சட்டி. வாய் ஓரத்துல ஒரு துண்டு பேந்திருக்கும், பாருங்க."

திரேசம்மாள் எழுந்துபோய்ப் பார்த்தாள். மூன்று படத்தில் அதே சட்டி, மூன்றிலும் அதே இடத்தில் பேந்திருந்தது. அவள் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு படமாகக் கை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள்.

"இந்த மரம்?"

"மரமில்லக்கா, காங்கிரீட் செவரு."

"இந்த வெள்ளைத் துணி?"

"பட்டாளச் சட்டை."

"இந்தக் கெணறு?"

"குண்டு போட்டா ஒளியதுக்கு வெட்டின குழி."

மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த படத்துக்கு வந்தாள். தினமும் சாயங்காலம் அதன் முன்னால்தான் அவள் ஜெபமாலை சொல்வாள். சுஜின் அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தச் சிரிப்பு?"

ராகேல் அந்தப் படத்தை விட்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

"சிரிப்பையும் நீயா வச்ச?"

"இந்த ஒண்ணுல மட்டும். வேற படத்துல உள்ளதை எடுத்து வச்சேன். மத்ததெல்லாம் அவனுக்க சிரிப்புதான்க்கா, சத்தியமா."

"அப்ப இதுல எப்படி இருந்தான்?"

"அழுதிருந்தான். கண்ணு வீங்கி இருந்துது."

"எதுக்கு அழுதான்?"

"தெரியாது. நான் கேக்கல."

"கேக்கலியா?"

"முகம் சரியில்ல, மாத்துதேன்னு சொன்னேன். சரீன்னுட்டான்."

திரேசம்மாள் சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். கத்தினால், ரெண்டு அடி அடித்தால் தேவலை என்று ராகேலுக்கு இருந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை. ராகேல் நீட்டிய புதுப் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இரும்புத் தொப்பியை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் கை வைப்பார்களே, அதுபோல இருந்தது.

"பேரை எழுதினா வரமாட்டான் பிள்ளே." திரேசம்மாள் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அவருக்க பேரை நாந்தான் சொன்னேன்."

"எழுதலேன்னா தேடவே மாட்டாவக்கா."

திரேசம்மாள் எழுந்து மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு துருவிய தேங்காயை மூடி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ராகேலோடு கிளம்பினாள்.

பங்கு அலுவலகத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி பதினொன்றே முக்கால். ததேயுஸ் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார், அவிழ்த்து ஒரு படிவத்தை எடுத்தார். திரேசம்மாள் மகன் பெயரைச் சொன்னாள். இடம் என்று கேட்டபோது அவள் உதடு பழக்கத்தில் குவைத்தென்று சொல்லக் குவிந்தது, பிறகு "ஈராக்கு" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் படத்தை மேஜைமேல் வைத்தாள்.

ததேயுஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தொப்பிக்க நெழல் முகத்துல கெடக்கே. ராகேலு, உனக்க போன்லயே தொப்பியை எடுத்து, பின்னால உள்ளதை வெள்ளையாக்கித் தா. அடுத்த ரூம்புல பிரிண்டர் இருக்கு. உனக்கு ஒரு நிமிச வேலைதானே."

ராகேலின் கை தன்னாலே பைக்குள் போனைத் தேடிப் போனது. திரேசம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன் அரிந்து காய்த்துப்போன கை, வலித்தது.

"அவ தொடண்டாம்" என்றாள் திரேசம்மாள். "எனக்க மொவன் எப்படி இருக்கானோ அப்படியே ஒட்டும்."

ததேயுஸ் பசை தடவி, மணல் மூட்டைகளோடேயே அவனை ஒட்டினார்.