ஆள் மாறிய எக்கோ

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, மீஞ்சூரில் வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து எங்கள் குப்பத்துக்கு ஓடினேன். நிஜமான ஓட்டம். பஸ் நிற்பதற்குள் குதித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில்... எனக்குப் பொறுமை கிடையாது என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குப் புதுச் செய்தியா என்ன?

ஓடியது ஒரு காகிதத்துக்காக. ஏழுமலை அண்ணனின் எக்கோ ரிப்போர்ட்.

ஏழுமலை அண்ணன் எங்கள் பக்கத்து வீடு. ஏரியில் இறால் பிடிக்கிறவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆறு மாதமாக அவருக்கு ஒரு விசித்திரமான தொந்தரவு. நிமிர்ந்து உட்கார்ந்தால் மூச்சு முட்டும், படுத்தால் சரியாகிவிடும். நெஞ்சு நோய்க்காரர்கள் படுத்தால்தான் திணறுவார்கள் என்று நான் படித்திருந்தேன். இவருக்கு எல்லாம் தலைகீழ். இரண்டு தடவை வலை கட்டும்போதே மயங்கித் தண்ணீரில் சாய்ந்திருக்கிறார்.

ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் டி.பி. மாத்திரை கொடுத்தார். எக்ஸ்ரேயில் இதயம் கொஞ்சம் பெருத்துத் தெரிந்தது. ஏன் பெருத்தது? அதை எக்ஸ்ரே சொல்லவில்லை.

கடைசியில் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் அண்ணனை உட்கார வைத்துக் கேட்டார், படுக்க வைத்துக் கேட்டார், மறுபடி உட்கார வைத்தார். ஆள் புரண்டால் நெஞ்சுச் சத்தமும் மாறுகிறதாம். "உள்ள ஏதோ நகருது. எக்கோ எடுத்துப் பாத்துடலாம்" என்று தேதி போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸுக்கே புதிதாக வந்திருந்த மிஷின் அது. கத்தி இல்லை, ஊசி இல்லை — காதுக்குக் கேட்காத சத்தத்தை நெஞ்சுக்குள் அனுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்து, இதயம் துடிக்கத் துடிக்க டி.வி.யில் காட்டிவிடும். ஊர் திரும்பியதும் அண்ணன் வீட்டில் அரை மணி நேரம் லெக்சர் அடித்தேன். அவர் பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. அன்னிக்கு நம்ம பாடு ஆச்சே" என்றார்.

பாடு என்றால் எங்கள் பக்கத்தில் முறை. ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் இன்ன நாள் இன்ன வீடு என்று ஊரே முறை வைத்துக் கொடுக்கும். பேரைக் கூப்பிடும்போது அந்த வீட்டு ஆள் யாராவது ஒருவர் "இருக்கேன்" என்றால் போதும். யாரும் இல்லையென்றால் முறை போய்விடும்.

"இறால் இன்னொரு நாள் வரும். நீங்க ஆஸ்பத்திரி முறைய விட்டுடாதீங்க" என்று மிரட்டினேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மிரட்டியது போதும் என்று வேலைக்குப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். நாகம்மா அண்ணி வாசலில் இறால் காயவைத்துக்கொண்டிருந்தார். தகரப் பெட்டியிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். வரி வரியாகப் படித்தேன். அறைகள் நார்மல். வால்வு நார்மல். எல்லாமே நார்மல்.

"அண்ணி, ஒண்ணுமே இல்ல. நெஞ்சு கல்லு மாதிரி இருக்காம்" என்று குதித்தேன்.

அண்ணி இறாலைக் கிளறிவிட்டுக்கொண்டே சொன்னார்: "நல்லது நைனா. தேசப்பனுக்கு ஒண்ணுமில்ல. இவருக்கு எப்ப எடுப்பாங்களாம்?"

தேசப்பன், ஏழுமலை அண்ணனின் தம்பி. எருமையைத் தூக்கிப் போடக்கூடியவன்.

கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஏழுமலை என்று பேர் போட்டிருந்தது. வயது இருபத்தாறு என்று போட்டிருந்தது. வால்வு வரைக்கும் படித்தவன், வயதைப் படிக்கவில்லை.

தேசப்பனைப் பிடித்தேன். "ஏன்டா படுத்த?"

"ஆஸ்பத்திரி முறை போயிடக் கூடாதுன்னுதான் அண்ணன் அனுப்ச்சுது. பேரக் கூப்ட்டாங்க, இருக்கேன்னேன். சட்டையக் கழட்டுன்னாங்க, கழட்டினேன். நெஞ்சுல கொழகொழன்னு இன்னாவோ தடவிட்டாங்க. அதுக்கு மேல எங்க பேசறது?"

"நான் தம்பின்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"யாரும் கேக்கலியே."

உள்ளே பாயில் கிடந்த அண்ணனிடம் கத்தினேன். வலை கட்டத் தம்பியை அனுப்பிவிட்டு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதா?

"இவன் கட்டினா வலை கோணும் தம்பி" என்றார் நிதானமாக. "வலை கட்ட கை தெரிஞ்ச ஆள் வேணும். ஆஸ்பத்திரில போய்ப் படுக்கத்தானே போறோம்? படுக்கறதுக்குக் கை தெரியணுமா?"

"கட்டின கைதான்" என்றார் அண்ணி வாசலிலிருந்து. "அன்னிக்கும் மயங்கி விழுந்துச்சு. பக்கத்து வலைக்காரரு முடியப் புடிச்சுத் தூக்கினாரு. தேசப்பன் கூட இல்ல பாரு."

யாரைக் குற்றம் சொல்ல? மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று அரை மணி நேரம் பேசினேன். படம் எடுப்பது உங்கள் நெஞ்சை, அதனால் நீங்களே போக வேண்டும் என்ற ஒரு வரியைச் சொல்லவில்லை. இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று நாம் விட்டுவிடுகிற வரி இருக்கிறதே... அதுதான் ஆளைக் கொல்லப் பார்க்கிறது.

திங்கட்கிழமை லீவு கேட்கவில்லை, எடுத்துக்கொண்டேன். அண்ணனை ரயிலில் பெஞ்சு நீளத்துக்குப் படுக்க வைத்துக் கூட்டிப் போனேன். டாக்டர் கதையைக் கேட்டுவிட்டு, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். அப்புறம் அவரே இருட்டறைக்குள் அழைத்துப் போனார்.

சின்ன டி.வி. சாம்பல் நிறத்தில் இதயம் துடித்தது. அதற்குள்ளே... காம்பு வைத்த ஏதோ ஒன்று. துடிப்புக்குத் துடிப்பு வால்வு வழியாகக் கீழே விழுந்தது, திரும்பி மேலே போனது.

அண்ணன் கழுத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தார்.

"சொறி" என்றார். வலையில் வந்து விழுகிற அந்தக் கொழகொழ ஜெல்லி மீனைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். "வலை வாயில மாட்டின சொறி மாரி கீது. தண்ணி இழுத்தா உள்ள பூருது, விட்டா வெளிய வருது."

"அதேதான்" என்றார் டாக்டர். "அது கட்டி. நீங்க நிமிந்தா வந்து வழியை அடைக்குது, படுத்தா விலகுது. பெரும்பாலும் கேன்சர் கிடையாது. ஆனா விட்டுவெச்சா ஒரு நாள் மொத்தமா அடைச்சிடும். துண்டு பிஞ்சு மூளைக்குப் போனாலும் போகும். திறந்து எடுத்துடணும்."

பக்கத்தில் தேசப்பனின் படத்தை வைத்துக் காட்டினார். சுத்தமான, காலியான அறை. ஆள் மாறிப் படுத்ததற்கு அந்த ஒரு பிரயோஜனம்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். நான் தேதியைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார். அடுத்த பாடும் அன்றைக்குத்தான்.

ரயிலில் மீஞ்சூர் வரும்வரை அவர் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை — என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. ஸ்டேஷன் தாண்டியதும் படுத்தபடியே சொன்னார்: "தேசப்பன் கட்டட்டும். கோணினா கோணட்டும்."

அந்த நாள் வந்தது. தியேட்டர் வாசலில் நானும் நாகம்மா அண்ணியும். எத்தனை தடவை நடைபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பினேன் என்று எனக்கே தெரியாது. "உக்காரு நைனா, எனக்குத் தலை சுத்துது" என்றார் அண்ணி. உட்கார்ந்தேன். எழுந்தேன்.

கதவு திறந்தது. "ஏழுமலை ஆளு யாரு?"

அண்ணி எழுவதற்குள் "இருக்கேன்" என்றேன் நான்.

"கட்டிய எடுத்தாச்சு. ஆள் நல்லா இருக்காரு" என்றார் நர்ஸ்.

போன வாரம் தேசப்பன் வார்டுக்கு வந்தான். அண்ணன் படுத்திருந்தார். முதல் கேள்வியே, "வலை?"

"கோணிதான் போச்சு" என்றான் தேசப்பன். "இறாலுக்கு அது தெர்ல. கூடை ரொம்பிச்சு."

அண்ணனுக்கு வந்ததே கோபம். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, கால் மணி நேரம் திட்டினார். நடுவில் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை.