இரண்டாவது விளக்கு

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேரும் யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்க வேண்டியதில்லை.

எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சிறுவயதில் நடந்தது ஒன்று சொல்லுங்கள் என்றாள். என் சிறுவயது என்று நினைத்து அம்மை போட்ட கதையை ஆரம்பித்தேன். அது வேண்டாமாம். இவளுடைய சிறுவயதாம், அதுவும் இவளுக்குச் சரியாக நினைவில்லாததாக இருக்க வேண்டுமாம். அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது.

அப்போது இவளுக்கு ஏழு வயது. இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் இரண்டாவது மகன் சிங்கப்பூரில் இருந்தான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஞானஸ்நானம். கோவிலிலிருந்து வந்ததும் குழந்தையைக் கம்ப்யூட்டரில் காட்டுகிறேன், அதற்குள் வீட்டில் இன்டர்நெட் போட்டு வையுங்கள் என்று சொல்லியிருந்தான். ஆறு வருஷம் எதிர்பார்த்த முகம். போட்டோ வேறு, நேரில் அசைவது வேறு.

கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. மூத்தவன் போன் ஆபீசில் எழுதிக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி வந்தது. மோடம் என்றார்கள், ரவுட்டர் என்றும் சொன்னார்கள். அரைச் செங்கல் அளவு இருந்தது. முன்பக்கம் நாலு விளக்கு. எங்கள் வீட்டில் மிக்சி வந்தாலும் சைக்கிள் வந்தாலும் முதலில் கட்டை விரலால் அதன் மேல் ஒரு சிலுவை போட்டுத்தான் எடுப்போம். அதை வீட்டில் மூத்த பொம்பளைதான் போட வேண்டும். நான் போட்டேன்.

"பெட்டிக்குமாம்மா?" என்றான் மூத்தவன்.

"ஏன், அதுக்கு மட்டும் என்ன கேடு?" என்றேன்.

சுவிட்சைப் போட்டான். முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது மினுக்கியது. மூன்றாவது எரியவே இல்லை. நாலாவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இரண்டாவது மினுக்காமல் நின்றால்தான் மூன்றாவது எரியும், மூன்றாவது எரிந்தால்தான் இன்டர்நெட் என்று கூட வந்த புத்தகத்தில் இருந்ததாம். அது நிற்கவில்லை.

மூத்தவன் வேடசந்தூர் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஆயிரம் கதிர் ஓடுகிற மிஷினை நிறுத்தி ஓட்டுகிறவன், அரைச் செங்கல்லுக்கு முன்னால் நாலு நாள் உட்கார்ந்தான். மில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டையைக் கழற்றாமல் வந்துவிடுவான். அணைத்துப் போட்டான். வயரை மாற்றினான். பெட்டியை ஜன்னலில் வைத்தான், பீரோ மேல் வைத்தான். புகார் நம்பருக்குப் போன் செய்தால் ஒரு பெண், அணைத்துவிட்டுப் போடுங்கள் சார் என்றது. போட்டுட்டேம்மா என்றான். இன்னொரு தடவை போடுங்கள் சார் என்றது. பின்னால் ஒரு சிறு ஓட்டை இருக்கிறது, அதில் குத்த வேண்டும் என்று என் சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றி வாங்கிக் குத்தினான். நாலு விளக்கும் செத்துப் பிழைத்தன. இரண்டாவது மறுபடி மினுக்கியது.

இவளைப் பெட்டிக்கு முன்னால் குப்புறப் படுக்க வைத்து, விளக்கு நின்றதும் சத்தம் கொடு என்று சொல்லியிருந்தான். அது பெரிய உத்தியோகம் என்று இவளுக்கு நினைப்பு. "மினுக்குதுப்பா. மினுக்குதுப்பா. இப்பவும் மினுக்குதுப்பா" என்று நாலு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மினுக்கலைன்னா மட்டும் சொல்லு தாயி" என்று கும்பிட்டான்.

சனிக்கிழமை காலையில் லைன்மேன் வந்தார். வடமதுரைக்காரர், ஒல்லியான ஆள். வாசல் பக்கம் வயர் நுழைகிற இடத்தில் இருந்த சின்னப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"வீட்ல எத்தன போனு?"

"ஒண்ணுதாங்க" என்றான் மூத்தவன்.

"அப்ப இந்த ரெண்டாவது வயர் எங்க போகுது?"

"அது பழசுண்ணே. சும்மா கெடக்கு."

"சும்மா கெடக்கல தம்பி. இதுல ஒரு போன் தொங்குது."

பேச்சு போகிற வழியையும் இன்டர்நெட் போகிற வழியையும் பிரிப்பதற்குத் தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா உண்டு, ஸ்ப்ளிட்டர் என்று பெயர். அதன் வழியாகப் போகாத போன் ஒன்று அதே லைனில் இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், விளக்கு நிற்காது என்று விளக்கினார். மூத்தவன் வயர் போகிற திசையைப் பார்த்தான். அது உத்தரத்தின் மேல் ஏறி, பீரோவுக்குப் பின்னால் சுவருக்குள் போயிற்று. எனக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தன் வீடு. கொழுந்தன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, தனியாக இருந்தாள். முன்பு எல்லாம் ஒரே வீடுதான். என் இரண்டாவது மகன் பிறந்த நாலாம் மாதம் நான் டைபாய்டில் படுத்தேன். பிள்ளையைத் தூக்கி அவளிடம் கொடுத்தார்கள். நான் எழுந்து நடமாடிய பிறகும் அவன் அவள் மடியை விட்டு இறங்கவில்லை. அவளுக்குப் பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அவள் கையால்தான் சாப்பிட்டான்.

அவன் கல்யாணத்தன்று, கோவிலுக்குக் கிளம்பும் முன் மாப்பிள்ளை பெரியவர்கள் முன்னால் மண்டி போட்டான். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். அவன் நேரே போய் அவளுக்கு முன்னால் மண்டி போட்டான். அவளும் சிலுவை போட்டுவிட்டாள். நான் மாலைத் தட்டோடு நின்றேன். "பெத்தவ இங்க நிக்கிறேன். பெறாத கை மொதல்ல படணுமோ?" என்று கேட்டேன். வீடியோ எடுத்தவர் விளக்கை இறக்கிவிட்டார். அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆறு மாதத்தில் வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது. வெளியில் கேட்டவர்களுக்குப் பாகப்பிரிவினை என்று சொன்னோம்.

முன்னால் ஒரு போன், பின்கட்டில் ஒரு போன் என்று என் வீட்டுக்காரர் இருந்தபோது போட்டிருந்தார். இப்போது பின்கட்டு அவள் பக்கம். சுவர் கட்டிய கொத்தனார், "இந்த வயர என்னாத்தா செய்ய?" என்று கேட்டார். "அதோட சேத்துப் பூசிரு" என்றேன். மூத்தவன் அப்போது வேலைக்குப் போயிருந்தான், அவனுக்குத் தெரியாது.

இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து போன் வரும். மணி இரண்டு பக்கமும் அடிக்கும். நான் எடுப்பேன். செத்த நேரத்தில் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், அவன் குரல் கொஞ்சம் மெலியும். அந்தப் பக்கமும் எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அவன் என்னை அம்மா என்று கூப்பிடுவதை அவள் காதால் கேட்க வேண்டும், அதற்குத்தான் வயரை விட்டுவைத்தேன். வாரா வாரம் அவன் கூடுதலாக நாலு தடவை அம்மா சொல்லும்படியான கேள்விகளை யோசித்து வைத்துக்கொள்வேன். அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நான் பேசி முடித்து வைத்துவிடுவேன். அத்தோடு முடிந்தது என்று இருந்தேன்.

இதையெல்லாம் நான் லைன்மேனிடம் சொல்லவில்லை. அவர் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது இவள் தரையில் படுத்தபடியே கேட்டாள்.

"அங்கிள், போன வெச்ச பொறவும் வயருக்குள்ள பேச்சு ஓடிக்கிட்டே இருக்குமே, அதனாலயா?"

"என்ன பேச்சு பாப்பா?"

"அப்பத்தா பேசிட்டு வெச்சிருவாங்கல்ல, நான் எடுத்துக் காதுல வெச்சுப் பாப்பேன். சித்தப்பா பேசிக்கிட்டே இருப்பாங்க. சாப்பிட்டீங்களா சின்னம்மா, மாத்திர போட்டீங்களா சின்னம்மான்னு. அங்கிட்டு ஒருத்தங்க அழுவாங்க, சிரிப்பாங்க. காத்தாடிய அமத்துன பொறவும் சுத்தும்ல, அது மாதிரி."

லைன்மேன் சிரித்தார். மூத்தவன் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய் லைன்மேனுக்கு மோர் கொண்டு வந்து கொடுத்தேன். அதில் உப்புப் போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவர் அப்படியே குடித்துவிட்டார்.

ஒரு பக்கம் வைத்தாலும் மறு பக்கம் வைக்காத வரைக்கும் லைன் அறுந்து போகாது என்பது எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக நான் பரிமாற, அவள் எட்டி நின்று பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். நான் கை கழுவி எழுந்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"வெட்டி விட்டிருங்கண்ணே" என்றான் மூத்தவன். லைன்மேன் குறடை எடுத்துவிட்டார்.

"வெட்டாதீக" என்றேன்.

"என்னம்மா நீ? நாளைக்குப் பிள்ளையப் பாக்கணுமா வேண்டாமா?"

"வெட்டாம செய்ய வழி இல்லையா?" என்று லைன்மேனைக் கேட்டேன்.

இருந்தது. வயர் இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு முன்னாலேயே அந்த டப்பாவை வைத்துவிட்டால் இரண்டு போனும் அதற்குள் அடங்கிவிடுமாம். "செத்த நேரம் கூட ஆகும், அம்புட்டுத்தான்" என்றார். ஆகட்டும் என்றேன். மூத்தவன் என்னையே பார்த்தான். "உங்கப்பா போட்ட வயரு" என்றேன். 

அரை மணி நேரத்தில் இவள் எழுந்து நின்று கத்தினாள். "நின்னுருச்சு! மினுக்கல! நின்னுருச்சுப்பா!"

மறுநாள் பூசையில் மண்டி போட்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இனிமேல் அவன் கம்ப்யூட்டரில்தான் வருவான். போன் மணி அடிக்காது. நான் காப்பாற்றிய வயரில் இனி ஒன்றும் வரப் போவதில்லை.

மத்தியானம் அவன் வந்தான். கட்டம் கட்டமாக வந்து முகமாகச் சேர்ந்தான். "அம்மா, தெரியுதா?" என்றான். தெரியுது என்றேன். அவன் கண் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எதையோ தேடியது. எனக்குப் பின்னால் அந்தச் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பாப்பாவக் கொண்டு வரச் சொல்லவாம்மா?"

"இரு" என்றேன். இவளைக் கூப்பிட்டேன். "ஏத்தா, அந்தப் பக்கம் போ. எங்க பெட்டில ரெண்டாவது விளக்கு மினுக்குது, போன் சரியா வெச்சிருக்கான்னு பாக்கச் சொல்லு."

இவள் பெட்டியைப் பார்த்தாள். "மினுக்கலையே அப்பத்தா. நல்லாத்தான நிக்குது?"

"மினுக்குது. போய்ச் சொல்லு."

போனாள். அங்கே போய் என்ன சொன்னாள் என்பதை அன்று சாயங்காலம் இவளே பெருமையாக என்னிடம் ஒப்பித்தாள். "விளக்கு நல்லாத்தான் எரியுது. மினுக்குதுன்னு அப்பத்தா சொல்லச் சொன்னாங்க. சித்தப்பா டிவில தெரியுறாங்க. பாப்பாவ இன்னும் காட்டல, அப்பத்தா இருன்னு சொல்லிட்டாங்க." இதைவிட நன்றாக ஒரு பொய்யைப் போட்டு உடைக்க முடியாது.

ஓரகத்தி வந்து வாசற்படியில் நின்றாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் நிலைக் கதவைப் பார்த்து, "போன் சரியாத்தான் இருக்கு" என்றாள். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

"பின்ன எதுக்கு மினுக்குச்சோ" என்றேன். "வந்துட்ட, உள்ள வந்து பாத்துட்டுப் போ." நாற்காலியை விட்டு எழுந்து ஸ்டூலுக்குப் போனேன். மூட்டு வலிக்கு அதுதான் சவுகரியம்.

"சின்னம்மா" என்றான் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து.  குழந்தையைக் கொண்டு வந்து காமிராவுக்குக் கிட்டே பிடித்தான். கம்ப்யூட்டர் கண்ணாடி முழுக்க நெற்றிதான் தெரிந்தது. என் கட்டை விரல் எழுந்தது. மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அவள் மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கையை நீட்டிக் கண்ணாடியில் சிலுவை போட்டாள். அவளுக்குப் பிறகு நான் போட்டேன். சாயங்காலம் மூத்தவன் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தான்.

இவளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நல்ல விளக்கை மினுக்குகிறது என்று சொல்லித் தன்னை அலைய விட்டுவிட்டேனாம். "எங்க அப்பத்தா படிக்கலைல்ல, அதான் எது மினுக்குதுன்னுகூடத் தெரியல" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள், டீச்சர் என்னைப் பார்த்தபோது சிரித்தார். என்னைப் படிக்காதவள் என்று யார் சொன்னாலும் நான் சும்மா விடுகிறவள் இல்லை. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். இவ்வளவு வருஷமாக இவள் அப்படித்தான் நினைத்திருந்திருக்கிறாள். இப்போதுதான் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

பார்த்தது போதும், எழுதினதைப் படி. போன வருஷம் இடுப்பு ஒடிந்த பிறகு என் ஓரகத்தியையும் இந்தப் பக்கம் கொண்டு வந்துவிட்டோம், அந்தக் கட்டிலில்தான் கிடக்கிறாள். காது மந்தம், சத்தமாகப் படி. நாலு பிள்ளைகளை வளர்த்தேன் என்று முதலில் வருமே, அந்த இடத்தில் செத்த நேரம் நிறுத்து. அவள் என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம்.