நூற்று எண்பத்தாறு அட்டைகள்

1978 ஜூன் 17, சனிக்கிழமை, காலை ஆறு மணி ஐந்து நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மேல்காற்று வைகை மணலை வாரிக்கொண்டு வந்து கோச்சடையில் எங்கள் வீட்டு முற்றம் வரைக்கும் கொட்டியது. அந்த நேரத்தில்தான் நான் அக்காவின் அட்டைப்பெட்டியைத் திறந்தேன். எனக்கு வயது பதினொன்று.

உள்ளே நூற்று எண்பத்தாறு அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தபால் உறையளவு, சின்னச் சின்ன நீளத் துளைகளோடு மழமழவென்று இருக்கும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதை இப்படி அட்டையில் துளைத்து, வரிசை மாறாமல் அடுக்கிக் கொடுக்க வேண்டும். அட்டைக்கு ஒரு வரி. கணக்கில் பட்டம் வாங்கிய அக்கா, டவுனில் ஒரு கல்லூரியில் இதற்கென்றே ஒரு வருடப் படிப்பில் சேர்ந்திருந்தாள். வகுப்பில் பதினாறு பேர், அதில் பெண்கள் இருவர். இன்னொரு பெண் பொங்கலோடு நின்றுவிட்டாள்.

சேர்க்கைத் தாளில் அப்பா கையெழுத்துப் போட்டபோது பெரியப்பா சிரித்தார். "வாழைக்குத் தண்ணி பாய்ச்ச ஆளைக் காணோம். இவரு பொம்பளப்புள்ளைய மிசினுக்குப் பாடம் சொல்ல அனுப்புறாராம்." ஆனாலும் அப்பா போட்ட கையெழுத்தை அடிக்கவில்லை. அந்த சனிக்கிழமைதான் கடைசிப் பரீட்சை. ஒவ்வொருவரும் தன் அட்டைகளை மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறியவர்களுக்கு மெட்ராஸில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அப்பா ஒரே பேச்சில் முடித்திருந்தார்: "பாஸ் பண்ணு, அனுப்புறேன். இல்லாட்டி ஆவணியில சோழவந்தான்காரங்களுக்கு வாக்குக் குடுத்துருவேன்."

அம்மாவுக்கு இந்தப் படிப்பில் எதுவும் புரியாது. ஆனாலும் அக்கா மெட்ராஸ் போக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அக்காவைவிட அதிகமாக இருந்தது. அக்கா குளிக்கப் போனதும் மஞ்சள் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "நல்ல காரியமாப் போறா. மேல இருக்குற அட்டையில ஓரமா ஒரு பொட்டு வச்சுருடா." கல்யாணப் பத்திரிகை முதல் பள்ளிக்கூட நோட்டு வரை மூலையில் மஞ்சள் படாத காகிதம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

ஓர் அட்டைக்கு மட்டும் வைத்தால் மற்ற நூற்று எண்பத்தைந்தும் என்ன பாவம் செய்தன என்று எனக்குத் தோன்றியது. அட்டைக்கு நாலு மூலை, மொத்தம் எழுநூற்று நாற்பத்து நான்கு பொட்டு. அக்கா குளித்து, தலை காய்ந்து, பின்னி முடிப்பதற்குள் வைத்துவிட்டேன். வரிசை ஒன்றுகூட மாறவில்லை. ரப்பர் பேண்டு போட்டு மூடிவைத்தேன்.

இருபத்தொரு வயது அக்காவுக்குத் துணையாக அப்பா என்னை அனுப்பினார். "அங்க நடக்குறதை எல்லாம் பாத்துட்டு வந்து சொல்லணும்" என்றார்.

மெஷின் அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களின் அட்டைகள் சீட்டுக் கலைப்பதுபோல் சரசரவென்று உள்ளே போயின. பத்து இருபதுக்கு அக்காவின் முறை வந்தது. மூன்று அட்டை போனது, நாலாவதில் மெஷின் நின்றுவிட்டது. மஞ்சள் ஈரத்தில் மூலைகள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஆப்பரேட்டர் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தார். பின்னாலேயே அக்காவும் வாத்தியாரும் வந்தார்கள்.

"என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகையா? மெஷினுக்கு வெத்தலை பாக்கு எங்க?"

உள்ளே ஒன்பது பேர் சிரித்தார்கள். அக்கா என் விரல்களைப் பார்த்தாள். இரண்டு விரல் மஞ்சளாக இருந்தன. வாத்தியாரிடம் திரும்பி, "மெஷினை எத்தனை மணிக்கு சார் நிறுத்துவீங்க?" என்றாள்.

"நாலு மணிக்கு."

"அதுக்குள்ள பூராவும் திரும்பத் துளைச்சுக் கொண்டாரேன் சார்."

துளைக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மதியம் அவளுடைய தயிர்சாதத்தையும் சேர்த்து நானே சாப்பிட்டேன். மூன்று நாற்பதுக்கு நூற்று எண்பத்தாறு புது அட்டைகளும் நிற்காமல் உள்ளே போயின. நீளக் காகிதம் அச்சாகி வந்தது. வாத்தியார் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார். ஆப்பரேட்டர் சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவை மஞ்சளை மூஞ்சியோட நிறுத்திக்கம்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "மஞ்சள் வச்சதை வீட்டுல சொல்லாதடா. ஒனக்கு அடி விழும், அம்மாவுக்கும் பேச்சு விழும். மெஷின் ரிப்பேருன்னு நான் சொல்லிக்கிறேன்." அப்பாவின் சட்டம் ஒரு தப்புக்கு இரண்டு அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள் ஐந்து ஐம்பதுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் அப்பாவும் பெரியப்பாவும் நின்றிருந்தார்கள். அக்கா ரிப்பேர் என்றாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மெஷின் ரிப்பேராடா?"

மஞ்சளைப் பற்றித்தான் சொல்லக் கூடாது. மெஷினைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். "இல்லப்பா. ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

"அப்ப இவ எங்க இருந்தா?"

"உள்ள."

"உள்ள வேற யாரு?"

"பதினாலு ஆம்பளை. வாத்தியாரு, ஆப்பரேட்டரைச் சேத்தா பதினாறு."

"நீ?"

"வெளிய பெஞ்சுல."

எல்லாம் சரியான எண்கள். பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் மதியமே முடித்துப் போய்விட்டதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமினார். ஒரு பொய் சொல்லி அகப்பட்டவளின் அடுத்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். சாட்சி நான் ஒருவன்தான். அக்கா என்னையே பார்த்தாள். வாக்குத் தவறாமல் இருக்கிறேனா என்று பார்க்கிறாள் என்று நினைத்து, மஞ்சள் விரல்களை டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

பதினெட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அக்கா தேறியிருந்தாள், வகுப்பிலேயே முதலாவதாக. மெட்ராஸுக்கு வரச்சொல்லி இன்னொரு கடிதமும் வந்தது. அப்பா இரண்டையும் மடித்துப் பத்திரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆவணியில் கல்யாணம். சோழவந்தானில் கொடிக்காலுக்குப் பக்கத்து வீடு. நூறு நூறாக வெற்றிலை எண்ணி அடுக்குவதில் அவளைப்போல் யாரும் கிடையாது என்று மாமியார் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

பல வருடங்கள் கழித்து அவள் மகள் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்றபோது, நான்கு வருடக் கட்டணத்தையும் நானே கட்டினேன். வாழ்க்கையில் நான் கூட்டிப் பார்க்காத தொகை அது ஒன்றுதான். அதனால் எதுவும் நேராகிவிடவில்லை. அன்று வாசலில் அக்காவின் கண் என்னிடம் கேட்டது என்ன என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. புரிந்து வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஆகியிருக்கும் செலவு இரண்டு அடி.