ஐந்து பெல்லட், ஒரே துளை

பத்து, பத்து, ஒன்பது, பத்து, அப்புறம் திடீரென்று ஒரு ஏழு. அந்த வருஷம் முழுக்க என் டார்கெட் அட்டைகள் இப்படித்தான் இருந்தன.

நான் சுடுவது ஏர் பிஸ்டல். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை இருக்கும். அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். அதற்குள் பட்டால் பத்து மதிப்பெண். போடியில் ஏலக்காய் வாங்கி விற்பது என் தொழில். கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்ததோடு அந்த ஆசை நின்றுபோயிருந்தது. மகள்கள் இருவரும் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு, நாற்பத்தைந்தைத் தாண்டி, மறுபடியும் பிடித்தேன். ஞாயிறு விடிந்தால் மதுரையில் துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

அங்கிருந்த பயிற்சியாளர் என்னைவிட வயதில் சின்னவர். அந்த ஏழுகளைப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் மணிக்கட்டுதான். டிரிகர அமுக்குற நேரத்துல லேசா வெட்டி இழுக்குறீங்க" என்றார். நம்பினேன். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கடையிலேயே நின்று பழகினேன். கை உறுதியானது, ஆனால் ஏழுகள் நிற்கவில்லை. என்னை உறுத்தியது வேறொன்று. சுட்ட கணத்திலேயே அது நல்ல அடியா கெட்ட அடியா என்று கைக்குத் தெரிந்துவிடும். நல்ல அடி என்று கை சொன்னவையும் சில நேரம் ஏழில் போய் விழுந்தன.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். குரங்கணி மலைப்பாதையில் ஓடுகிற ஜீப்புகளுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் அவர். சாப்பாட்டில் கை வைத்தபடி யோசித்தார்.

"அப்ப உன்னைய வெளிய எடுத்துட்டுச் சுட்டுப் பாப்போம்."

"என்னைய எடுத்துட்டா யாருங்க சுடுறது?"

"துப்பாக்கிய இரும்புல பூட்டுவோம். இரும்புக்கு மணிக்கட்டு கெடையாதுல்ல?"

ஜீப்பின் பழைய இரும்புப் பட்டைகளை வெட்டி, உள்ளே டியூப் ரப்பர் வைத்து, பிஸ்டலைக் காயப்படுத்தாமல் இறுக்கிப் பிடிக்கிற ஒரு பிடியைச் செய்துகொண்டு வந்தார். எங்கள் ஏலக்காய்க் குடோன் நீளமானது. ஒரு கோடியில் மேஜை மேல் பிடியைப் பூட்டினோம். மறுகோடியில் தடித்த இரும்புத் தகட்டின் முன்னால் அட்டையை நிறுத்தினோம்.

ஏர் பிஸ்டலில் போடுவது பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு. இடுப்பு ஒடுங்கி, அடிப்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். டப்பாவின் பின்னால் குண்டுத் தலையின் அளவு ஒட்டியிருக்கும். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். அதுவரை கடைக்காரர் கொடுத்ததை அளவு பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நான்கு அளவுகளையும் வரவழைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாகச் சுட்டேன்.

நான்குமே சிதறின. பிஸ்டலே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்.

அவர் அட்டைகளைப் பார்க்கவேயில்லை. மேஜை மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். "இந்தா, இங்க கை வையி."

வைத்தேன். மேஜை நடுங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் காயைத் தரம் பிரிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷமாக அதன் சத்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், அதனால் எனக்கு அது கேட்கவேயில்லை.

அடுத்த ஞாயிறு மதுரைக்குப் போகவில்லை. மெஷினுக்கும் அன்று லீவு. பிடியை மேஜையிலிருந்து கழற்றி, தரையோடு சேர்ந்த சிமெண்டுக் கட்டையில் போல்ட் போட்டு முடுக்கினார். முதலில் கடைக்காரர் கடைசியாகக் கொடுத்திருந்த அளவைச் சுட்டேன். ஐந்து துளைகளும் ஐந்து திசையில் நின்றன. அடுத்த இரண்டு அளவுகளும் கொஞ்சம் நெருங்கி வந்தன. கடைசி அளவைச் சுட்டு முடித்ததும் அவர் அட்டையை எடுக்கப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஒண்ணுதான் பட்டிருக்கு. மத்த நாலும் எங்கிட்டுப் போச்சு?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். துளை ஒன்றுதான். ஆனால் அதன் விளிம்பு லேசாகப் பிய்ந்து, ஒரு குண்டு போகிற அளவைவிட ஒரு துளி பெரிதாக இருந்தது.

"எங்கயும் போகலங்க. அஞ்சும் இதுக்குள்ளதான் போயிருக்கு."

நம்பாமல் மறுபடி சுடச் சொன்னார். சுட்டேன். மறுபடியும் ஒரே துளை. குடோன் நடுவில் நின்றுகொண்டு நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளைப் போலக் கத்தினோம்.

அதோடு முடியவில்லை. அந்த நல்ல டப்பாவிலும் எப்போதாவது ஒன்று விலகியது. எடுத்துப் பார்த்தால் சிலவற்றில் பாவாடை விளிம்பு நசுங்கியிருந்தது. ஈயம் மிருதுவானது, டப்பா குலுங்கினாலே போதும். பழைய போட்டோ பிரேமின் கண்ணாடியைக் கழற்றி, ஒரு பக்கம் பென்சிலை முட்டுக் கொடுத்துச் சரிவாக்கி, குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டினேன். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் உருண்டு ஒரே இடத்துக்கு வந்தன. நசுங்கியவை தள்ளாடி வேறு பக்கம் போயின. அவற்றை ஒதுக்கினேன். அதன் பிறகு ஒன்றுகூட விலகவில்லை.

இன்னும் பத்து டப்பா வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சென்னைக்குச் சொன்னேன். அதே கம்பெனி, அதே அளவுதான் வந்தது. பிடியில் பூட்டிச் சுட்டால் அவை சிதறின. வேறு சமயத்தில் தயாரித்த சரக்கு. பழைய சரக்கு தீர்ந்துவிட்டது என்றார்கள். ஆக, என்னிடம் இருந்த அந்த ஒரு டப்பாதான் மிச்சம். அதைப் போட்டிக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, பயிற்சியை மற்றவற்றில் செய்தேன். பயிற்சியாளரிடம், பெல்லட்டை மாற்றியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மாநிலப் போட்டி திருச்சியில் நடந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கான பிரிவில் என் பெயர் இருந்தது. அறுபது குண்டுகள், ஒன்றே கால் மணி நேரம். தொடக்கம் பிரமாதமாகப் போனது. பாதி தாண்டியதும், பத்துகளுக்கு நடுவே, எதிரே மதிப்பெண் காட்டுகிற திரையில் ஏழு என்று வந்தது.

முன்பென்றால் துப்பாக்கியா, குண்டா, நானா என்று தெரியாமல் அடுத்த பத்து அடிகளையும் கெடுத்திருப்பேன். அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. குண்டு சரி, பிஸ்டல் சரி. அப்படியென்றால் இது நான்தான். அந்த எண்ணம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பிஸ்டலைக் கீழே வைத்தேன். சுண்டுவிரல் இதுவரை பிஸ்டலின் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தது புரிந்தது. கையை உதறி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி எடுத்தேன். பத்து. பத்து. ஒன்பது. பத்து. கடைசிக் குண்டும் பத்து.

திரும்பிப் பார்த்தபோது பயிற்சியாளர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். "அக்கா, நீங்கதான் பர்ஸ்ட்டு! அந்த பெல்லட்ட எப்படிப் புடிச்சீங்க, அத மொதல்ல சொல்லுங்க!" என்றார். தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் வத்தலகுண்டில் டீ குடிக்க ஜீப்பை நிறுத்தினோம். பதக்கத்தைக் கழற்ற வீட்டுக்காரர் விடவில்லை. டீக்கடைக்காரர் கேட்பதற்கு முன்பே அவராகவே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, இவுக ஸ்டேட்டு பர்ஸ்ட்டு."

"அப்படியா! எதுலப்பா?"

"துப்பாக்கி சுடுறதுல."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போலீஸாம்மா நீங்க?"

"இல்லண்ணே," என்றேன் சிரிப்பை அடக்க முடியாமல், "ஏலக்கா யாவாரம்."