என்னை அக்காவாக நினைத்த நாட்கள்

என் கணவருக்கு எழுபத்துமூன்று வயது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். போன ஐப்பசியில் மரவள்ளிக் கொல்லை வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஆம்புலன்ஸில் வரும்போதும் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. கொல்லையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து நிலத்துக்காரருக்குப் போன் போட வைத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், விளக்குப் போடும் நேரம். படுத்தபடியே வார்டை ஒருமுறை பார்த்தார். பிறகு விரலை நீட்டி, எதிர் வரிசையில் படுத்திருந்தவர்களை எண்ண ஆரம்பித்தார்.

“பதினோரு மூட்டதான் கீது. பாக்கி எங்க?”

விளையாடுகிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாலிப வயதில் கல்வராயன் மலைக்குப் போய்ப் புளியும் கடுக்காயும் வாங்கி லாரியில் இறக்கி வியாபாரம் செய்தவர். அதை விட்டு முப்பது வருடம் இருக்கும். “லாரி கெளம்பிடும்” என்று எழப் பார்த்தார். மூத்திரக் குழாயைப் பிடித்து இழுத்ததில் படுக்கையெல்லாம் ரத்தம். இரண்டு ஆட்கள் ஓடிவந்து பேண்டேஜ் துணியால் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியில் கட்டினார்கள்.

“வேற வழி இல்லம்மா. எறங்குனார்னா இடுப்பு மறுபடியும் ஒடஞ்சிடும்” என்றார் நர்ஸ்.

அவர் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்ன ஏன் கட்டிட்டாங்க? நான் இன்னா திருடனா?”

காலையில் வந்த டாக்டரம்மா என் மகளைவிட இளையவர். “இது பைத்தியம் இல்லம்மா. வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கப்புறம் இப்பிடி வரும். ஒடம்புல உப்பு கொறஞ்சிருக்கு, மூத்திரத்துல கிருமி இருக்கு. ரெண்டும் சரியானா இதுவும் சரியாயிடும். கண்ணாடிய மாட்டிவுடுங்க. இன்னிக்கி இன்னா கெழம, எங்க இருக்கோம்னு சொல்லிக்கினே இருங்க. சொந்தக்காரங்க மொகம் பக்கத்துல இருந்தா நல்லது.”

கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். கூடவே உட்கார்ந்து கைகளைப் பிடித்துக்கொள்வதாக இருந்தால் அவிழ்க்கிறோம் என்றார்கள். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். “இன்னிக்கி செவ்வாக்கெழமைங்க. கள்ளக்குறிச்சி ஆசுபத்திரிங்க. நான்தாங்க” என்று வாய் ஓயாமல் சொன்னேன். சேலத்தில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

அன்று மத்தியானம் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது. தெளிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“புள்ளய உன் தங்கச்சிகிட்ட குட்த்துட்டுக் கெளம்பு. ஆசுபத்திரிக்குப் போலாம்” என்றார்.

அந்தத் தங்கச்சி நான்தான். அவருடைய முதல் சம்சாரம் என் அக்கா. காய்ச்சலில் விழுந்து நாலாம் நாள் செத்துப்போனாள். அவர் அப்போது மலையில் இருந்தார். நல்ல மழை, ரோடு அடைத்துக்கொண்டது, பஸ் இல்லை, அதனால்தான் வந்து சேர முடியவில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் மகளுக்கு அப்போது ஒரு வயது. குழந்தைக்காக ஆறு மாதத்தில் என்னைக் கட்டி வைத்தார்கள். எனக்குப் பதினெட்டு. இப்போது சேலத்தில் இருப்பவள் அந்தக் குழந்தைதான். எனக்கென்று வேறு குழந்தை இல்லை.

“அக்கா இல்லைங்க, நான்தாங்க” என்றேன். காதில் ஏறவில்லை.

“ஆளு மலமேல வந்து சொன்னான். உனக்கு ஜாஸ்தியாயிடுச்சி, நீ ஒடனே வரச் சொன்னியாம்னு சொன்னான். லாரி இருந்துது. நான்தான் லோடு ஏறட்டும்னு நின்னுட்டேன். ரெண்டு நாளு நின்னுட்டேன்” என்றார். அழுதார். நாற்பத்து மூன்று வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. “கோவம் இல்லன்னு சொல்லு. மொகத்தத் திருப்பிக்கினா நான் இன்னா பண்ணுவேன்?”

கோபம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புத்தி கலங்கிக் கிடக்கும் மனிதர், நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. அது அக்கா சொல்ல வேண்டியது. அக்கா கடைசி நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவள் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

கைகளை விட்டுவிட்டேன். எழுந்து வராண்டாவுக்குப் போனேன். உள்ளே அவர் சத்தம் போட்டார். திரும்பி வந்தபோது மறுபடியும் கட்டியிருந்தார்கள். “அவுத்து வுடு, அவுத்து வுடு” என்றார். நான் யாரிடமும் கெஞ்சவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குப் போட்ட பிறகுதான் போய்ச் சொல்லி அவிழ்க்க வைத்தேன். மணிக்கட்டு இரண்டும் சிவந்து போயிருந்தன.

மறுநாள் காலை மகள் வந்தாள். அவளைப் பார்த்ததும், “புள்ள வந்துடுச்சா? உங்கம்மாகிட்டச் சொல்லு, ஆளு வந்து சொன்னப்போ...” என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்து, “கீழ போய் சூடா பால் வாங்கியாந்துடு” என்றேன். வந்தாள். மறுபடி ஆரம்பித்தார். மாத்திரை வாங்க அனுப்பினேன். பிறகு லேப்பில் ரிப்போர்ட் கேட்டு வரச் சொன்னேன். மூன்றாம் முறை அவள் போகவில்லை.

“அப்பா பக்கத்துல ஒக்காரலாம்னுதான வந்தேன். என்ன ஏம்மா தொரத்திக்கினே இருக்க?”

“நீ இருந்தா அவருக்கு ஜாஸ்தியாவுது. ஊருக்குப் போ. நான் பாத்துக்கறேன்.”

“என்னப் பாத்தா எங்கப்பாவுக்கு ஜாஸ்தியாவுதா?” என்றாள். முகம் சுண்டிப்போனது. “பெத்தவளா இருந்தா இப்பிடிச் சொல்லுவாளா?”

அந்த வார்த்தையை அவள் அதுவரை சொன்னதே இல்லை. சாயங்காலமே சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

எட்டாம் நாள் அவருக்குத் தெளிந்தது. காலையில் கண் விழித்து, “மோட்டார நிறுத்துனாங்களா?” என்று கேட்டார். நடந்தது எதுவும் நினைவில் இல்லை. மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, “இது இன்னா காயம்?” என்றார். ஊசி போட்டது என்றேன்.

வீட்டுக்கு வந்து இருபது நாள் கழித்து ஒரு நாள், காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். “அக்கா கெடந்தப்போ நீங்க ஏன் வர்ல?”

தலை நிமிராமல் சொன்னார். “மழ. ரோடு அடச்சிகிச்சி. உனக்குத் தெரியாதா?”

 தைலத்தைத் தேய்த்து முடித்தேன்.

இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். குளிப்பாட்டுவது, வேட்டி கட்டிவிடுவது எல்லாம் நான்தான். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். எடுப்பது நான். “அப்பாகிட்டக் குடு” என்பாள், கொடுத்துவிடுவேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என்மேல் உள்ள கோபம் ஒரு நிமிடத்தில் போய்விடும். அவர்மேல் வந்துவிடும். பேசி முடித்ததும் அவர் போனை என்னிடம் நீட்டுவார். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டிருப்பாள்.